நீல ஒளிக் கண்ணாடி: எந்தத் தொல்லைக்கு எது?

ஜொகூர் பாருவில் கண்ணாடி வாங்கப் போனால், கடைக்காரத் தம்பி பேனா அளவில் ஒரு லேசர் விளக்கை எடுத்து அட்டையின்மேல் அடித்துக் காட்டுவதுண்டு. அட்டையில் ஊதாப் புள்ளி பளிச்சென்று விழும். நடுவே, நீல ஒளியைத் தடுப்பதாகச் சொல்லி விற்கும் ‘புளூ கட்’ லென்ஸைப் பிடிப்பார், புள்ளி மறைந்துவிடும். “பாத்தீங்களாக்கா, ஒண்ணுமே உள்ள போகல!” கண்ணெதிரே நடந்ததை எப்படி நம்பாமல் இருப்பது? கூடுதல் ரிங்கிட்டைக் கொடுத்துவிட்டு வருகிறோம்.

அந்தப் பேனாவின் ஒளி பெரும்பாலும் 405 நானோமீட்டர் அலைநீளம் கொண்டது. கைப்பேசியும் கணினியும் வீசும் நீலமோ 450 நானோமீட்டரை ஒட்டியது. முன்னதை அடியோடு நிறுத்தும் லென்ஸ், பின்னதில் பெரும்பகுதியைத் தாராளமாக உள்ளே விடும். கடைகளில் கிடைக்கும் நிறமற்ற நீல ஒளி லென்ஸ்கள் பொதுவாக 10 முதல் 25 விழுக்காடு வரைதான் நீலத்தைக் குறைக்கின்றன. வெளியே அடிக்கும் வெயிலில் இருக்கும் நீலத்தோடு ஒப்பிட்டால் திரையின் நீலம் மிகச் சொற்பம். ஆகவே பேனாவை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, உங்கள் தொல்லை என்ன என்பதிலிருந்து தொடங்குங்கள்.

மாலையானால் கண் எரிகிறது, மணல் விழுந்ததுபோல் உறுத்துகிறது என்றால் புளூ கட் வேண்டாம். மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு 2023 ஆகஸ்டில் வெளியிட்ட மீளாய்வு 17 சோதனைகளை அலசியது. கணினி வேலையால் வரும் கண் களைப்பைக் குறைப்பதில், சாதாரண லென்ஸைவிட இந்த லென்ஸ் மேல் என்று சொல்ல அதில் ஆதாரம் கிடைக்கவில்லை. அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமியும் இதைப் பரிந்துரைப்பதில்லை. எரிச்சலுக்குப் பெரும்பாலும் காரணம் வேறு: திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. நாள் முழுக்கக் குளிர்சாதனக் காற்று முகத்தில் அடிக்கும் அலுவலகத்தில் கண்ணீர்ப் படலம் இன்னும் வேகமாகக் காய்கிறது. காற்று வரும் திசையை மாற்றுங்கள். மருந்தகத்தில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு கேளுங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஆறு மீட்டருக்கு அப்பால் 20 வினாடி பாருங்கள். செலவு குறைவு, பலன் அதிகம்.

தலைவலியும் எழுத்து மங்கலும் சேர்ந்து வந்தால் ‘பவர்’ பார்க்க வேண்டும். 40 வயதைத் தொட்டவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். வெள்ளெழுத்து தொடங்கியிருக்கும், அதைத் திரையின் குற்றம் என்று எண்ணி, பவரே இல்லாத புளூ கட் கண்ணாடியை இணையத்தில் வாங்கிப் போட்டுக்கொள்பவர்கள் ஏராளம். படிக்கும் கண்ணாடி சுமார் 40 சென்டிமீட்டர் தூரத்துக்கானது. கணினியோ 60, 70 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. எனவே உங்கள் மேசையில் திரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளந்துகொண்டு போய்ச் சொல்லுங்கள். மலேசியாவில் கண்ணாடித் தொழிலுக்கு 1991ஆம் ஆண்டின் ஒளியியல் சட்டம் இருக்கிறது. சோதிப்பவர் மலேசிய ஒளியியல் மன்றத்தில் பதிவு பெற்றவரா என்று கேட்பதில் தவறே இல்லை. கூடுதலாகச் செலவழிக்க மனமிருந்தால் எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சுக்குக் கொடுங்கள். தலைக்குமேல் எரியும் குழல்விளக்கு லென்ஸில் பட்டுத் தெறிப்பது குறையும்.

பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வராமலிருக்க புளூ கட் வாங்கலாமா என்கிறார்கள். அந்தப் பணத்தை மிச்சப்படுத்தி, மாலையில் அவர்களை வெளியே விளையாட விடுங்கள்.

தூக்கம் கெடுகிறது என்பவர்களின் நிலை வேறு. விழித்திரையில் 480 நானோமீட்டர் வாக்கிலான ஒளியைக் கூர்மையாக உணரும் செல்கள் உண்டு. அவை தூண்டப்பட்டால் தூக்கத்துக்கு வழிகாட்டும் மெலடோனின் சுரப்பது தள்ளிப்போகும். நிறமற்ற புளூ கட் இந்தப் பகுதியைப் பெரிதாகத் தொடுவதில்லை. ஆரஞ்சு நிற லென்ஸ்தான் தடுக்கும். அதனாலும் எல்லாருக்கும் தூக்கம் வரும் என்று உறுதி சொல்ல முடியாது. இரவில் விளக்கை மங்கலாக்கி, கைப்பேசியைத் தள்ளிவைக்க முடிந்தவர்களுக்கு அது தேவைப்படாது.

ஆனால் பாசிர் கூடாங்கிலும் பாலம் தாண்டி சிங்கப்பூரின் உட்லண்ட்ஸிலும் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டு, விடிந்தபின் வீட்டுக்கு வந்து பகலில் படுக்கிறவர்களுக்கு வெளிச்சத்தைத் தவிர்க்க வேறு வழி குறைவு. அவர்கள் ஆரஞ்சு லென்ஸை முயன்று பார்க்கலாம். ஒரே ஒரு நிபந்தனை: வீட்டுக்குள் நுழைந்த பிறகே மாட்டுங்கள். பாலத்து மோட்டார் சைக்கிள் வரிசையில் இருட்டோடு நிற்கும்போது ஆரஞ்சு லென்ஸ் வேண்டவே வேண்டாம். முன்னால் போகும் வண்டியும் சாலையின் பள்ளமும் மங்கும், களைத்த உடலுக்குத் தூக்கக் கலக்கம் வேறு. ‘இரவில் ஓட்டும் கண்ணாடி’ என்று விற்கும் மஞ்சள் லென்ஸும் பாதசாரியைக் கண்டுகொள்ள உதவுவதாகச் சோதனையில் தெரியவில்லை.

எதை வாங்கினாலும் பழகச் சில நாள் பிடிக்கும். புளூ கட்டில் வெள்ளைத் தாள் இளமஞ்சளாகத் தெரிவது விரைவில் மறந்துபோகும். துணியின் நிறம் பார்த்து வாங்கும்போதும் படத்துக்கு வண்ணம் சேர்க்கும்போதும் மட்டும் கழற்றிவிடுங்கள். லென்ஸின் உட்புறத்தில் உங்கள் கண்ணே தெரிகிறதென்றால் பின்னால் இருக்கும் விளக்கை நகர்த்திப் பாருங்கள். குளிர்ந்த காரிலிருந்து ஜொகூர் வெக்கையில் இறங்கியதும் லென்ஸ் பனித்துவிடும். சட்டை முனையால் துடைத்தால் பூச்சில் கீறல் விழும், தானே தெளியட்டும். வியர்வையில் சறுக்கும் ஃபிரேமுக்கு சிலிக்கோன் மூக்குத் தாங்கி போடச் சொல்லுங்கள். தலைக்கவசம் அணிகிறவர்கள் அதையும் கடைக்குக் கொண்டுபோய், கண்ணாடியின் கை காதுக்குமேல் அழுத்துகிறதா என்று போட்டுப் பார்த்தே வாங்க வேண்டும்.

இரண்டு வாரம் கழித்தும் தலை வலித்தால், தரை சாய்ந்ததுபோல் தெரிந்தால், பழக்கக் குறைவு என்று பொறுத்துக்கொண்டிருக்காதீர்கள். அதே கடைக்குப் போய்ப் பவரையும், இரு கண்மணிகளுக்கு இடையிலான தூரத்தையும் மறுபடி அளக்கச் சொல்லுங்கள். கண்ணுக்குள் மின்னல் வெட்டுவது, கரும்புள்ளிகள் திடீரெனப் பறப்பது, பார்வையில் திரை விழுவது ஆகியவை கண்ணாடிக் கடையின் வேலையே அல்ல. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.