களஞ்சியம் குத்தகைக்கு எடுக்குமுன்

வன்னியில் காலபோக அறுவடை முடிந்ததும், பெப்ரவரி மார்ச் மாதங்களில், களத்தடியிலேயே நெல்லுக்கு விலை பேசப்படுகிறது. வைக்க இடமில்லை, கடன்காரரோ வாசலில். வியாபாரி சொல்வதே விலை. இடம்பெயர்ந்து, சொந்தக் கூரையின்றி வாழும் குடும்பத்துக்கு இந்த இக்கட்டு இரட்டிப்பு. ஆகவே சில குடும்பங்கள் சேர்ந்து நகரத்தில் ஒரு களஞ்சியத்தைக் குத்தகைக்கு எடுக்கலாமா என்று கேட்பது நியாயமே.

வவுனியாவை எடுத்துக்கொள்வோம். கண்டி வீதி, மன்னார் வீதி, ஹொரவப்பொத்தானை வீதி மூன்றும் நகரத்தை வந்தடைகின்றன. புகையிரத நிலையமும் உண்டு. 1990இல் தடைப்பட்ட வடபகுதிப் புகையிரத சேவை 2013இல் கிளிநொச்சி வரையும், 2014இல் யாழ்ப்பாணம் வரையும் மீண்டது. இப்படியான சந்திக்கு அண்மையில் வாடகை கூடத்தான் செய்யும். ஆனால் மழைநாளில் லொறி கதவடிக்கு வருமா, திரும்ப இடமுண்டா என்று பாருங்கள். வீதியிலிருந்து மூடையைத் தோளில் சுமக்க வேண்டுமென்றால், சேமித்ததெல்லாம் சுமைகூலியில் போய்விடும்.

எவ்வளவு இடம் தேவை? இருபது குடும்பங்கள், குடும்பத்துக்கு 50 மூடை என்றால் 1000 மூடை. மூடை 65 கிலோ என வைத்தால் 65 தொன். பத்தடி உயரத்துக்கு அடுக்கி, சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, நடக்க வழிவிட்டாலும் 1000 சதுர அடி தாராளம். தரகர் 5000 சதுர அடி புதுக் கட்டடத்தைக் காட்டி ஆசை மூட்டுவார். வெறும் சீமெந்துத் தரைக்கு நாம் ஏன் வாடகை கட்ட வேண்டும்? தரை உயர்ந்து, கூரை ஒழுகாமல், மூடைக்கடியில் மரச்சட்டம் போட்டிருந்தால் போதும். நெல்லின் ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேலிருந்தால் எந்த நவீன களஞ்சியமும் அதைக் காப்பாற்றாது.

அலுவலக அறை ஆடம்பரமல்ல. தராசு, கணக்குப் புத்தகம், பற்றுச்சீட்டு எல்லாம் ஒருவருடைய வீட்டில் இருந்தால் சந்தேகமும் அங்கேயே குடியிருக்கும்.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமானது எழுத்து. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, பிரசித்த நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளுடன் எழுதப்படாவிட்டால் சட்டத்தில் செல்லாது. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் சொல்வது இது. முத்திரை ஒட்டிய தாளில் ஊர்ப் பெரியவர் கையொப்பம் வைத்தாலும் ஈடாகாது. எழுதியதைக் காணிப் பதிவகத்திலும் பதியுங்கள்.

கையொப்பம் வைப்பவர் யார்? யுத்தத்தால் சிதறிய எமது பகுதிகளில் திறப்பு ஒருவரிடம், உறுதி கனடாவில் இன்னொருவரிடம் இருக்கும். உரிமையாளருக்காக வேறொருவர் வந்தால் அற்றோணித் தத்துவத்தைக் கேளுங்கள். அதில் குத்தகைக்குக் கொடுக்கும் அதிகாரம் எழுதப்பட்டிருக்க வேண்டும். அரச அனுமதிப்பத்திரக் காணியென்றால் முதலில் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

எமது பக்கத்திலும் ஒரு கேள்வி உண்டு: குத்தகை யார் பெயரில்? தனி ஒருவர் பெயரில் எழுதினால், அவர் நாளை வேறு ஊருக்குப் போகும்போது மற்றக் குடும்பங்களின் கையில் எதுவுமில்லை. பதிவுசெய்த கூட்டுறவுச் சங்கத்தின் அல்லது கமக்காரர் அமைப்பின் பெயரில் எழுதுங்கள்.

நெல் இல்லாத மாதங்களில் பிறருக்கு இடம் கொடுக்க அனுமதி, கூரை திருத்துவது யார் பொறுப்பு, முற்பணம் எந்த நாளில் திரும்பும் என்பவற்றையும் உறுதியிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். திறப்பை வாங்கும் நாளில் மின்மானி காட்டும் இலக்கத்தை இருவரும் எழுதிக் கையொப்பமிடுங்கள். பழைய மின்கட்டணப் பாக்கியையும் அன்றே கேளுங்கள்.