டேங்க் மூடியில் தேங்கும் மழைநீர்

கேள்வி: மழை பெய்தால் என் பழைய பைக்கின் டேங்க் மூடியைச் சுற்றித் தண்ணீர் தேங்குகிறது. மறுநாள் இன்ஜின் திணறுகிறது. ஏன்?
– வாசகர், பென்னாகரம்

பதில்: மூடியைத் திறந்தால் பள்ளத்தின் ஓரத்தில் சின்னத் துளை தெரியும். அங்கே விழும் மழைநீரை, டேங்குக்குள் செல்லும் மெல்லிய குழாய் வண்டிக்கு அடியில் இறக்கிவிடும். செம்மண் புழுதியும் புளிய இலைத் துணுக்கும் சேறாகி அதை அடைத்துக்கொள்ளும்.

கம்பியால் குத்தவே கூடாது. துருப்பிடித்த குழாய் ஓட்டையாகிவிடும். ஒகேனக்கல் பக்கம் மீன்பிடிக்கும் தூண்டில் நரம்பு போதும். டேங்க் வாயைத் துணியால் அடைத்து, நரம்பை மெதுவாகத் திருகி இறக்குங்கள். சில சொட்டு நீர் விட்டால் கீழே வடிய வேண்டும். பீடி, சிகரெட் நெருப்பு அருகே வேண்டாம்.

இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். தேங்கிய மழைநீர் மூடி வழியே டேங்குக்குள் கசிந்தால், எத்தனால் அந்த நீரை இழுத்து, அளவு மீறினால் நீரோடு பிரிந்து அடியில் தங்கும். திணறல் அதனால்தான் இருக்கலாம். டேங்கை ஒருமுறை வடித்துவிடுங்கள்.