புல்தரையில் இயற்கைப் புல்வெளி: விஸ்கான்சின் தரும் பாடம்

பசுமையாகத் தோன்றும் நிலமெல்லாம் வளமான நிலம் என்று கொள்வதற்கில்லை. அயற்புல் ஒன்றே அடர்ந்து படர்ந்துவிட்ட தரையில், அம்மண்ணுக்கே உரிய பல்வகைத் தாவரங்களை மீண்டும் நிலைபெறச் செய்வது எளிய பணியன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1930களில் தொடங்கி இன்றுவரை தொடரும் முயற்சி இதனை நன்கு விளக்குகிறது.

அயற்புல்லின் பிடி

வட அமெரிக்காவின் நடுப்பகுதியில் பரந்து கிடந்த உயர்புல் பிரெய்ரியில் இன்று எஞ்சியிருப்பது 4 சதவீதத்திற்கும் குறைவாகும். பெரும்பகுதி உழவுக்கு உள்ளாயிற்று. மேய்ச்சல் நிலங்களிலும் வீட்டுப் புல்தரைகளிலும் கென்டக்கி நீலப்புல் இடம்பிடித்தது. பெயரில் கென்டக்கி இருப்பினும், ஐரோப்பியக் குடியேறிகளுடன் வந்த புல் இது. மண்ணின் மேலடுக்கில் வலைபோல் பின்னிப் படர்வதால், இதன்மீது தூவப்படும் விதை மண்ணைத் தொடுவதே அரிது. முளைத்தாலும் போதிய ஒளியும் ஈரமும் கிட்டுவதில்லை.

மாடிசன் நகரில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் தாவரத் தோட்டம் 1934இல் தொடங்கப்பட்டது. அங்குச் சுமார் 60 ஏக்கர் பழைய பண்ணை நிலத்தில் பிரெய்ரியை மீண்டும் உருவாக்கும் பணி அடுத்த சில ஆண்டுகளில் மேற்கொள்ளப்பட்டது. விதைகளையும் வேர்மண்ணுடன் பெயர்த்த செடிகளையும் நட்ட பின்னரும் நீலப்புல் விட்டுக்கொடுக்கவில்லை. ஜான் கர்ட்டிஸ், மாக்ஸ் பார்ட்ச் ஆகியோர் நடத்திய தீச் சோதனைகளின் முடிவு 1948இல் வெளியாயிற்று. நீலப்புல் குளிர்ப்பருவப் புல். வசந்தத்தின் தொடக்கத்திலேயே துளிர்ப்பது. பிரெய்ரிப் புற்களோ வெப்பம் ஏறிய பின்னரே எழுவன. இந்த இடைவெளியில் எரியூட்டினால் துளிர்த்த நீலப்புல் நலியும். நிலத்தடியில் உறங்கும் பிரெய்ரி வேர்கள் பிழைக்கும்.

செய்முறை

சிறிய புல்தரையில் தீ இன்றியும் இப்பணியைச் செய்யலாம். அதன் படிகள் வருமாறு:

1. பழைய புல்லை முதலில் முற்றாக அகற்ற வேண்டும். தரைப்படலத்தைச் சீவி எடுக்கலாம்; அல்லது ஒரு கோடைக்காலம் முழுவதும் ஒளிபுகாதவாறு மூடி வைக்கலாம். ஆழ உழுதல் கூடாது. புதைந்திருக்கும் களைவிதைகள் மேலே வந்துவிடும்.

2. இலையுதிர்காலத்தின் இறுதியில் விதைத்தல் நன்று. பல பிரெய்ரி விதைகள் குளிரும் ஈரமும் பட்ட பின்னரே முளைக்கும் இயல்பின. அவற்றை ஆழப் புதைக்காமல் மண்ணோடு அழுத்திவிடுதல் போதும்.

3. உரமிடுதல் வேண்டா. தழைச்சத்து பெரும்பாலும் களைகளுக்கே ஊட்டமாகும்.

4. முதலாண்டில் களைகள் விதை கட்டுமுன் சுமார் 15 செ.மீ. உயரத்தில் வெட்டிவிட வேண்டும். கீழேயுள்ள இளஞ்செடிகளுக்கு ஒளி கிட்டும்.

மதிப்பிடும் காலம்

முதலாண்டில் செடியின் வளர்ச்சி பெரும்பாலும் வேரிலேயே நிகழ்கிறது. பிக் புளூஸ்டெம் என்னும் புல்லின் வேர், முதிர்ந்த நிலையில் 2 மீட்டருக்கும் மேல் இறங்கவல்லது. மேலிருந்து காண்பவருக்குக் களைகளே தென்படும். அவ்வேளை பார்வையிடும் அலுவலர் 'தோல்வி' எனக் குறிப்பெழுதக்கூடும். மூன்றாம் ஆண்டளவில்தான் உண்மை நிலை புலப்படத் தொடங்கும்.

நமக்குரிய படிப்பினை

விஸ்கான்சினின் தீயை அப்படியே இங்குக் கொண்டுவர வேண்டும் என்பது இதன் பொருளன்று. இடத்தைப் பிடித்துள்ள தாவரத்தின் இயல்பை அறிந்து அதை ஒடுக்குவதே முதற்பணி என்பதே பொருளாகும். குஜராத்தின் கட்ச் மாவட்டத்திலுள்ள பன்னி புல்வெளியில், உப்புப் பாலையின் பரவலைத் தடுக்கும் நோக்குடன் 1960களில் சீமைக்கருவேலம் வளர்க்கப்பட்டது. அது பின்னர் மேய்ச்சல் நிலத்தின் பெரும்பகுதியைக் கவர்ந்துகொண்டது. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் தழைக்கும். நெற்றுகளைத் தின்னும் கால்நடைகளின் சாணத்தின் வழியே விதை பரவும். ஆகவே வெட்டி அகற்றிய பரப்பை மட்டும் கணக்கிடுதல் பயன் தராது. வேருடன் களைந்து, கால்நடைகளைச் சில பருவங்கள் விலக்கி வைத்தாலன்றி அங்குள்ள இயல்பான புற்கள் தலையெடுப்பது கடினம்.

எனவே, புல்வெளி மீட்புத் திட்ட அறிக்கைகளில் விதைத்த பரப்போடு, முன்பிருந்த தாவரம் எது, அது எவ்வாறு அகற்றப்பட்டது, மூன்றாம் ஆண்டில் எத்தனை இனங்கள் நிலைத்தன என்பனவும் இடம்பெறுதல் வேண்டும். செலவுக்கணக்கு ஆண்டுதோறும் முடிக்கப்படலாம். புல்லின் கணக்கை அதன் வேர் இறங்கிய பின்னரே பார்க்க இயலும்.