இருவராய் அனுப்பினார்

வேத பகுதி: மாற்கு 6:7, 30-32, அப்போஸ்தலர் 18:1-3, 24-26



இம்மாத வேத பாடத்தில் போன மாதம் எங்கள் ஊழியத்தில் நடந்த ஒரு வாரத்தைப் பற்றி எழுதுகிறேன். அந்த வாரத்தில் கர்த்தர் எனக்கே ஒரு பாடம் நடத்தினார்.

எனக்கு வயது 67. என் மனைவிக்கு 63. சபைப் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, சங்கரன்கோவிலிலும் சுற்று வட்டாரத்திலும் உள்ள சிறு சபைகளுக்கு உதவி செய்யும்படி எங்களை மூத்த மிஷனெரி தம்பதியாக அனுப்பினார்கள். "வயசான காலத்துல மெதுவா செய்யுங்க ஐயா" என்றுதான் சொல்லி அனுப்பினார்கள். நான் கேட்கவில்லை. என்னிடம் ஒரு டைரி உண்டு. அதில் ஒரு நாளும் காலியாக இருக்கக் கூடாது என்பது என் வைராக்கியம்.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒரு விதவைத் தாயார் என்னிடம் வந்தார்கள். பூக்கட்டிப் பிழைக்கிறவர்கள். "ஐயா, மகன் சண்டை போட்டுட்டுப் போயி பத்து நாளாச்சு. வீட்டுக்கு வந்து ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போங்க" என்றார்கள். டைரியைப் புரட்டினேன். "சனிக்கிழமை சாயங்காலம் வாரோம்மா" என்று எழுதிக்கொண்டேன். பக்கத்தில் நின்ற என் மனைவி ஒன்றும் பேசவில்லை.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டு விசுவாசிகளைப் பார்த்துவிட்டு, ஒரு புது வீட்டு ஜெபம். செவ்வாய்க்கிழமை விசைத்தறித் தெருவில் கூட்டம். தறிச் சத்தம் ஓய்ந்த பிறகுதான் ஜனங்கள் வர முடியும். வீடு திரும்ப ராத்திரி பதினொன்றரை. புதன்கிழமை கரிவலம்வந்தநல்லூரில் மூன்று வீடுகள். வியாழக்கிழமை புளியங்குடியில் சகோதரிகள் கூட்டம். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தோம். கர்த்தர் ஒவ்வொரு இடத்திலும் கிருபையாய் நடத்தினார், ஸ்தோத்திரம்!

வியாழன் ராத்திரி என் மனைவியின் கால் இரண்டும் வீங்கியிருந்தது. "ஏங்க, நாளைக்கு உபவாச ஜெபத்துக்கு நீங்க மட்டும் போங்க. நான் வரல" என்றாள்.

"ஏன், ரொம்ப முடியலையா?"

"கால் வலி இருக்கட்டும். ஞாயித்துக்கிழமையிலேருந்து நாம ரெண்டு பேரும் சேர்ந்து முழங்கால் போடவே இல்ல, தெரியுமா? அந்தப் பூக்காரம்மா முகம் வேற என் கண்ணு முன்னாலேயே நிக்குது. சனிக்கிழமை வரைக்கும் அது தாங்காதுங்க."

எனக்குக் கோபம் வந்தது. "நாலு இடத்துல ஒத்துக்கிட்டதை விட முடியுமா?" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை நான் பிரசங்கம் பண்ணினேன். அவள் அந்தத் தாயாரின் வீட்டுக்குப் போய், திண்ணையில் உட்கார்ந்து, அவர்களோடு சேர்ந்து மத்தியானம் வரைக்கும் பூக்கட்டியிருக்கிறாள். முதல் ஒரு மணி நேரம் ஜெபமே பண்ணவில்லையாம். அவர்கள் அழுதார்கள், இவள் கேட்டாள். அன்று காலையில் அந்தத் தாயார் என்ன முடிவோடு இருந்தார்கள் என்பதை இங்கே எழுத மாட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் நான் போயிருந்தால் அது துக்க வீடாக இருந்திருக்கும். இவ்வளவு சொன்னால் போதும்.

இதைக் கேட்டபோது என் டைரியை நான் மூடிவிட்டேன். அன்று ராத்திரி இருவரும் சேர்ந்து முழங்கால் போட்டோம். என்னால் பேச முடியவில்லை. அவள்தான் ஜெபித்தாள்.

பிரியமானவர்களே, இதிலிருந்து நான் கற்றுக்கொண்ட மூன்று காரியங்கள்:

1. இருவராய் அனுப்புகிறவர், இருவரோடும் பேசுகிறார்.

மாற்கு 6-ல் ஆண்டவர் சீஷரை இரண்டிரண்டு பேராக அனுப்பினார். ஒருவர் பாரத்தை மற்றவர் உணர்வதற்காகவே துணை. நான் என் மனைவியை என் டைரிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன். அவளுக்குள் ஆவியானவர் வைத்த பாரத்தை "கால் வலி" என்று தள்ளிவிடப் பார்த்தேன்.

2. மேடையில் நடக்காதது திண்ணையில் நடக்கும்.

ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் பெயர்கள் புதிய ஏற்பாட்டில் ஆறு இடங்களில் வருகின்றன. ஆறிலும் இருவரும் சேர்ந்தே வருகிறார்கள். கூடாரத் தொழில் செய்து பிழைத்தவர்கள். இவர்கள் பண்ணின பிரசங்கம் ஒன்றும் வேதத்தில் எழுதப்படவில்லை. ஆனால் வாக்குவல்லமையுள்ள அப்பொல்லோவுக்குக் குறைவாயிருந்ததைத் தனியே அழைத்து விளக்கிக் காட்டினவர்கள் இவர்களே.

நம்முடைய திருநெல்வேலிச் சீமையிலும் ஒரு சாட்சி உண்டு. இடையன்குடியில் 1841-ல் ஊழியம் தொடங்கிய கால்டுவெல் ஐயரை எல்லாருக்கும் தெரியும். 1856-ல் ஒப்பிலக்கணம் எழுதினார். 1877-ல் பேராயர் ஆனார். 1968-ல் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை வைத்தார்கள். 1844-ல் அவரை மணந்த எலைசா அம்மையாரை எத்தனை பேருக்குத் தெரியும்? நாகர்கோவில் மிஷனெரி மால்ட் ஐயரின் மகள். அந்த அம்மையார் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். ஏழைப் பெண்கள் கையில் நாலு காசு பார்க்க லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்தார். அவருக்குக் கடற்கரையில் சிலை இல்லை. ஆனால் அவருடைய பங்கு இல்லாமல் இடையன்குடி ஊழியம் இல்லை. ஏறக்குறைய எழுபது வயதில், 1883-ல், கால்டுவெல் தூத்துக்குடிக்கு இடம் மாறினபோதும் இருவருமாகவே ஊழியத்தைத் தொடர்ந்தார்கள்.

3. ஓய்வும் கட்டளைதான்.

அதே மாற்கு 6-ல், சாப்பிடக்கூட நேரமில்லாமல் திரும்பி வந்த சீஷரை ஆண்டவர் தனிமையான இடத்துக்குக் கூப்பிட்டு இளைப்பாறச் சொன்னார். "இன்னும் நாலு ஊருக்குப் போங்கள்" என்று சொல்லவில்லை. அனுப்பினவரே கூப்பிடும்போது போகாமல் ஓடுவது வைராக்கியம் அல்ல, கீழ்ப்படியாமை. அந்த வாரம் நான் செய்தது அதுதான்.

அந்தத் தாயாரின் மகன் இதை எழுதுகிற நாள் வரைக்கும் வீடு திரும்பவில்லை. ஜெபித்துக்கொண்டிருக்கிறோம்; நீங்களும் ஜெபியுங்கள். ஆனால் தாயார் சபைக்கு வருகிறார்கள். வெள்ளிக்கிழமை காலை என் டைரியில் இப்போது காலியாக இருக்கிறது. அந்த நேரத்தில் எங்கள் இருவரையும் அந்தத் திண்ணையில் பார்க்கலாம். எனக்கு இன்னும் சரியாகப் பூக்கட்ட வரவில்லை. அந்தம்மா சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்புக்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

சிந்திக்க:

1. இந்த வாரம் கணவனும் மனைவியுமாய் எத்தனை முறை சேர்ந்து முழங்கால் போட்டீர்கள்?

2. "அப்புறம் வாரேன்" என்று நீங்கள் தள்ளி வைத்திருக்கிற வீடு எது? இன்றைக்கே போக முடியுமா?

ஜெபம்: ஆண்டவரே, உம்முடைய வேலையைச் செய்கிறோம் என்று சொல்லி உம்முடைய சத்தத்தைத் தவறவிடாதபடி எங்களைக் காத்துக்கொள்ளும். துணையாய்க் கொடுத்தவரின் வாயிலிருந்து நீர் பேசும்போது கேட்கிற செவியைத் தாரும். இயேசுவின் நாமத்தில் பிதாவே, ஆமென்.