பணியோட்டக் கோப்பைச் சொந்தக் கணினியிலேயே சோதித்தல்

மழைமானிப் பதிவுகளிலிருந்து நாட்சராசரி காணும் வேலையை உதாரணமாகக் கொள்ளலாம். பதிவேட்டினின்று ஒரு நிலையத்தின் வரிகளைப் பிரித்தெடுத்தல் முதற்படி. அவ்வரிகளின் சராசரியைக் கணித்தல் இரண்டாம் படி. இப்படிகளையும், ஒன்றின் விளைவு மற்றொன்றுக்குச் செல்லும் வழியையும் கணினிக்கு எழுதித் தருவதே பணியோட்டக் கோப்பாகும். இதற்கென 2014-ல் தொடங்கப்பெற்ற ‘காமன் வொர்க்ஃப்ளோ லாங்குவேஜ்’ என்னும் பொதுமொழியின் முதற்பதிப்பு 2016-ல் வெளியாயிற்று. இம்மொழிக் கோப்புகள் பெரும்பாலும் ‘யாம்ல்’ என்னும் எழுத்துமுறையில் அமைகின்றன.

வாராணசியில் 2019-ல் நிறுவப்பெற்ற பரம் சிவாய் போன்ற, பலரும் பகிர்ந்துகொள்ளும் பெருங்கணினிகளில் ஒவ்வொரு வேலையும் தன் முறைக்காகக் காத்திருக்க நேரிடும். காத்திருந்து கிடைத்த முறை ஓர் எழுத்துப் பிழையால் வீணாகலாகாது. ஆகவே, கோப்பை முன்னரே சொந்தக் கணினியில் சோதித்தல் இன்றியமையாதது. இச்சோதனை மூவகைப்படும்.

முதலாவது, வடிவச் சோதனை. கட்டளை வரியில் ‘சிடபிள்யூஎல்டூல்’ என்னும் நிரலின் பெயரையும், இரு சிறு கோடுகளை முன்னிட்ட ‘வேலிடேட்’ என்ற சொல்லையும், கோப்பின் பெயரையும் முறையே இடுதல் வேண்டும். வரியின் தொடக்க இடைவெளி பிறழ்ந்திருப்பினும், கோப்பு வரவேண்டிய இடத்திற்கு எண் அனுப்பப்பட்டிருப்பினும், குறை காணப்படும் வரியின் எண்ணுடன் அறிவிப்புத் தோன்றும். யாம்ல் முறையில் வரித் தொடக்கத்தில் ‘டேப்’ விசையின் இடைவெளி ஆகாது என்பதையும் நினைவிற் கொள்க. இச்சோதனையில் எந்தப் படியும் இயங்குவதில்லை, தரவுகளும் படிக்கப்படுவதில்லை.

இரண்டாவது, இயக்கச் சோதனை. நிரலின் பெயரையடுத்துப் பணியோட்டக் கோப்பையும், உள்ளீடுகளைக் குறிக்கும் கோப்பையும் தந்தால் படிகள் மெய்யாகவே இயங்கும். உள்ளீட்டுக் கோப்பில் சுருக்கமாக எழுதிய இருப்பிடங்கள், அக்கோப்பு உள்ள இடத்திலிருந்தே கணக்கிடப்படும். ஒரு படி தருவதாகக் கூறிய விளைவுக் கோப்பைத் தராவிடின், அப்படி தோல்வியுற்றதாக அறிவிக்கப்படும். முழுப் பதிவேட்டுக்கு மாறாகச் சில வரிகளையே கொண்டு இதனைச் செய்தல் நலம்.

மூன்றாவது, கைக்கணக்குச் சோதனை. மூன்று நாள் மழை 0, 12, 6 மில்லிமீட்டர் எனில் சராசரி 6. மழையற்ற நாளைப் பதிவில்லா நாளெனக் கருதி நிரல் விட்டுவிடுமாயின் விடை 9 ஆகிவிடும். இப்பிழை முதலிரு சோதனைகளிலும் அகப்படாது. கோப்பின் வடிவமும் சரி, இயக்கமும் சரி, விடை மட்டுமே தவறு. அத்தவறான எண்ணை நம்பி விதைப்பையோ நீர்ப்பங்கீட்டையோ திட்டமிடுவோர் இழப்படைவர். ஆதலின், விடை முன்பே தெரிந்த சிறு மாதிரியொன்றை ஒவ்வொரு பணியோட்டக் கோப்புடனும் வைத்திருந்து, கோப்பில் மாற்றம் செய்யுந்தோறும் அம்மூன்று சோதனைகளையும் மீண்டும் நடத்துதல் வேண்டும்.