ஓட்டுநர் கண்ணுக்குத் தைத்த சட்டை

அன்புள்ள இளம் பொறியாளருக்கு,

வேலையில் சேர்ந்த புதிதில் உங்கள் கைக்கு வரும் காகிதங்களில் இது ஒன்றாக இருக்கும்: ‘ரிஃப்ளெக்டர் ஜாக்கெட், 200 உருப்படி, கம்பெனி பெயர் போட்டது, மூன்று கொட்டேஷன் வாங்கவும்.’ சிமென்ட், கம்பி, ஜல்லி வாங்கும் பொறுப்பைப் புதியவரிடம் கொடுக்க மாட்டார்கள். இதைக் கொடுப்பார்கள். துணிதானே என்ற நினைப்பு. ஆனால் புதுச்சேரியில் இந்திரா காந்தி சதுக்கத்துக்கும் ராஜீவ் காந்தி சதுக்கத்துக்கும் இடையே மேம்பாலச் சாலை அமைக்க 2025 அக்டோபரில் அடிக்கல் நாட்டியாகிவிட்டது. ஓடுகிற வண்டிகளுக்கு நடுவே ஆட்களை நிறுத்தி வேலை வாங்கப்போகும் ஊர் இது. ஆகவே அந்தத் துணியைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நான் சொல்ல வருவது ஒன்றுதான். இந்த ஜாக்கெட்டுக்குப் பணம் கொடுப்பவர் முதலாளி, மாட்டிக்கொள்பவர் தொழிலாளி. ஆனால் அதைப் பயன்படுத்துகிறவர் எதிரே வரும் வண்டியின் ஓட்டுநர். அவருடைய கண்ணுக்காகத்தான் அது தைக்கப்படுகிறது. கொட்டேஷனில் எங்கும் பெயர் வராத அந்த மூன்றாவது ஆளை மறந்து வாங்கினால், எவ்வளவு பளபளத்தாலும் அது விளம்பரத் துணிதான்.

அந்த மூன்றாவது ஆளின் இடத்தில் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் லாரி விநாடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் நகர்கிறது. எதிரே ஒன்றைப் பார்த்து, அது என்னவென்று புரிந்து, பிரேக்கில் கால் வைக்க இரண்டரை விநாடி ஆகும் என்று இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் தன் வடிவமைப்புக் கணக்குகளில் வைத்திருக்கிறது. அதற்குள் 42 மீட்டர் போய்விடும். பிறகுதான் பிரேக் பிடிக்கவே தொடங்கும். நிற்பதற்குள் 80 மீட்டராவது ஓடியிருக்கும். அந்த 80 மீட்டருக்கு அப்பாலேயே ‘அங்கே ஓர் ஆள் நிற்கிறார்’ என்ற செய்தி ஓட்டுநருக்குப் போய்ச் சேர வேண்டும். ஏதோ மின்னுகிறது என்று தெரிந்தால் போதாது. சாலையோரக் கம்பமும் மின்னும், நின்றுபோன டிராக்டரின் பின்பக்கமும் மின்னும்.

இந்தச் செய்தியைச் சுமப்பவை இரண்டு வேறுவேறு பொருள்கள். இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பெரும்பாலான கொள்முதல் தவறுகள் தொடங்குகின்றன. பகலில் வேலை செய்வது ஒளிரும் சாயம். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி, கண்ணுக்குத் தெரியும் நிறமாக மாற்றித் தருவது அது. அதனால்தான் மேகமூட்டத்திலும் விடியலிலும் அந்தியிலும் சுற்றியுள்ள எல்லாவற்றையும்விடத் தூக்கலாகத் தெரிகிறது. வெறும் அடர்த்தியான நிறத்துக்கு இந்தக் குணம் கிடையாது. சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரரைத் தெருக்கோடியிலிருந்தே அடையாளம் காணும் ஊர் இது. ஆனால் பொழுது சாயச் சாய முதலில் கறுத்துப்போவதும் அந்தச் சிவப்புதான், மங்கிய ஒளியில் நம் கண்ணின் இயல்பு அப்படி. இருட்டிய பிறகு ஒளிரும் சாயமும் கிட்டத்தட்டச் சாதாரணத் துணியாகிவிடுகிறது. அப்போது வேலை செய்வது வெள்ளி நிறப் பட்டை. கடைக்காரர்கள் அதை ‘ரேடியம்’ என்பார்கள். ரேடியத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. பொடிப்பொடியான கண்ணாடி மணிகளோ நுண்ணிய பட்டகங்களோ தம்மேல் விழும் வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்புகின்றன, அவ்வளவுதான். தானாக அது ஒளிராது. ஹெட்லைட்டுக்குச் சற்று மேலே கண்ணை வைத்து உட்கார்ந்திருக்கும் ஓட்டுநருக்குத்தான் அது பளிச்சிடும். பக்கத்தில் நிற்கும் மேஸ்திரிக்கு வெறும் சாம்பல் பட்டையாகத் தெரியும். 1964இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில், மின்மயமான ரயில் பாதையில் வேலை செய்தவர்களுக்கு முதன்முதலாக ஒளிரும் ஆரஞ்சு மேலுடுப்பைச் சோதனையாகக் கொடுத்தபோது அதற்கு ‘மின்மினி’ என்று பெயர் வைத்தார்கள். அழகான பெயர், ஆனால் மின்மினிக்குச் சொந்த வெளிச்சம் உண்டு.

இந்தியத் தர நிர்ணய அமைப்புக்கு இதற்கென்றே ஐஎஸ் 15809 என்ற தரம் இருக்கிறது. உலக அளவில் புழங்குவது ஐஎஸ்ஓ 20471. கொட்டேஷன் கேட்கும்போது ‘நல்ல தரம்’ என்று எழுதாதீர்கள். கடையில் எந்தச் சரக்குதான் தன்னைக் கெட்ட தரம் என்று சொல்லிக்கொள்கிறது? எண்ணை எழுதுங்கள், வகுப்பை எழுதுங்கள். ஐஎஸ்ஓ தரத்தின் இரண்டாம் வகுப்பு ஜாக்கெட்டில் ஒளிரும் துணி அரை சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது, பட்டை 0.13 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. பட்டையின் அகலம் 5 செ.மீ. இதைத் தையற்காரரின் கணக்கில் சொன்னால், ஒரு ஜாக்கெட்டுக்கு இரண்டு அங்குலப் பட்டை 2.6 மீட்டர். இடுப்பைச் சுற்றி, தோள்மேல் ஏறி, முதுகில் இறங்கும்போது அந்த நீளம் தானாகவே வந்துவிடும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பலவற்றில் ஓர் அங்குலப் பட்டைதான் இருக்கும். அந்தப் பட்டையில் அதே பரப்பு வர 5.2 மீட்டர் வேண்டும். அவ்வளவு யாரும் தைப்பதில்லை. அளவுநாடா ஒன்று கையில் இருந்தால், ஆய்வகம் இல்லாமலேயே பாதிச் சரக்கை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடலாம். கையில்லாத ஜாக்கெட் தனியாக மூன்றாம் வகுப்பு ஆகாது என்பதையும் நினைவில் வையுங்கள். அதற்குச் சட்டைக் கையோ முழுக்கால் சட்டையோ சேர வேண்டும். கையில்லாததைக் காட்டி ‘கிளாஸ் த்ரீ சார்’ என்று ஒருவர் சொன்னால், அவர் சொல்லும் மற்றவற்றையும் ஒருமுறை சரிபாருங்கள்.

இனி ‘பெயர் போட்டது’ என்ற சொல்லுக்கு வருகிறேன். சிக்கல் இங்கேதான். முதுகில் ஏ4 தாள் அளவுக்குக் கம்பெனிச் சின்னத்தை அச்சடித்தால் 624 சதுர செ.மீ. போய்விடும். தரம் கேட்கும் ஒளிரும் பரப்பே 5,000 சதுர செ.மீ.தான். அதில் எட்டில் ஒரு பங்கை மையைப் பூசி அணைத்துவிடுகிறோம். அதுவும் பின்னாலிருந்து வரும் வண்டிக்குக் காட்ட வேண்டிய முதுகில். அச்சு பட்டையின் மேலேயே ஏறிவிட்டால் இரவுக் கணக்கும் போயிற்று. ‘எங்கள் ஆள் யார், வேறு ஒப்பந்தக்காரர் ஆள் யார் என்று தெரிய வேண்டாமா?’ என்று உங்கள் மேலாளர் கேட்பார். நியாயமான கேள்வி. நான்கு நிறுவனங்கள் ஒரே இடத்தில் வேலை செய்யும்போது அடையாளம் வேண்டும். ஆனால் அந்த அடையாளம் பத்தடியில் நிற்கும் மேற்பார்வையாளருக்கு வேண்டியது, 80 மீட்டரில் வரும் ஓட்டுநருக்கு வேண்டாதது. பத்தடிக்கு இடது மார்பில் உள்ளங்கை அளவு எழுத்து போதும். தூரத்திலிருந்து பிரித்தறிய ஹெல்மெட்டின் நிறம் இருக்கிறது. முதுகில் பெயர் வந்தே தீர வேண்டுமென்றால், இரண்டு பட்டைகளுக்கு நடுவே மெல்லிய எழுத்தில் போட்டு, இழந்த பரப்பை ஈடுகட்டும்படி ஜாக்கெட்டை நீளமாகத் தைக்கச் சொல்லுங்கள். துணிக்கு அளவும் எடையும் விதிப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. இங்கே அவுரிச் சாயம் தோய்த்த ‘கினே’ நீலத் துணி 19ஆம் நூற்றாண்டில் செனகலுக்குப் போய், அங்கே கோந்து வியாபாரத்தில் காசு போலவே புழங்கியது. காசாகப் புழங்கும் துணி மெலிந்தால் காசே மெலிந்ததாகும் என்பதால், அதன் அளவையும் எடையையும் பிரெஞ்சு அரசு விதியாக்கியது. வாங்குகிறவர் எங்கோ கடலுக்கு அப்பால் இருந்தாலும் அவருடைய கண்ணை மனத்தில் வைத்து நெய்த ஊருக்கு, ஓட்டுநரின் கண்ணை நினைத்துத் தைப்பது கடினமாக இருக்க வேண்டியதில்லை.

நிறத்தையும் கம்பெனியின் கொடி நிறத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பகல் வெளிச்சத்தில் நம் கண் அதிகம் உணர்வது பச்சை கலந்த மஞ்சளை. ஆகவே பொதுவாக ஒளிரும் மஞ்சள் நல்ல தேர்வு. ஆனால் நகரின் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, கடற்கரைப் பக்கத் தெருக்களில், சுவர்களே மஞ்சள். அங்கே நடைபாதைக் கல் பெயர்ப்பவருக்கு ஆரஞ்சு எடுப்பாக இருக்கும். வில்லியனூர்ப் பக்கம் வயலும் மரமும் பின்னணியாக இருக்கும் இடத்திலும் ஆரஞ்சுதான். அதே ஆரஞ்சு, ஆரஞ்சுத் தடுப்புகளும் கூம்புகளும் வரிசையாக நிற்கும் இடத்தில், இன்னொரு கூம்பாகிவிடும். அங்கே மஞ்சளுக்கு மாறுங்கள். எல்லாத் தளத்துக்கும் ஒரே நிறம் என்பது கணக்குப்பிள்ளைக்கு வசதி, அவ்வளவே.

போட்டுக்கொள்பவரின் உடம்பை அடுத்ததாக நினையுங்கள். அவர் கழற்றி வைத்துவிட்டால் ஓட்டுநருக்கு எதுவும் தெரியப்போவதில்லை. ‘ஃப்ரீ சைஸ்’ என்பது ஒரு நடுத்தர ஆணின் அளவு. சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை ஒன்றை மாட்டி, அதற்கும் மேல் இதைப் போடும் சித்தாள் பெண்ணுக்கு அது முன்பக்கம் மூடாது. மூடாவிட்டால் இடுப்புப் பட்டை முன்னால் இரண்டாகப் பிளந்து, தொங்கும் முனைகள் கலவை இயந்திரத்தில் மாட்டும். அதனால் குறைந்தது மூன்று அளவுகள் கேளுங்கள். கயிறு வேண்டாம், இழுத்தால் பிரிந்துவிடும் வெல்க்ரோ வேண்டும். கத்திரி வெயிலில், நம் கடற்கரைப் புழுக்கத்தில், பாலியெஸ்டர் வேகும். அதற்காக முழுக்க வலைத்துணிக்குப் போனால் உள்ளே இருக்கும் சட்டையின் நிறம் தெரிந்து ஒளிர்வு மங்கும். விலாப்புறம் மட்டும் வலை, மார்பும் முதுகும் நெருக்கமான பின்னல் என்று தைக்கச் சொல்லலாம். தனியாகத் தைத்து வாங்குவதில் உண்மையான லாபம் இதுதான், சின்னம் அச்சடிப்பதில் இல்லை. இரவு வேலைக்காரர்களுக்குக் கணுக்காலிலும் ஒரு பட்டை கொடுங்கள். 1973இல் ஸ்வீடன் உளவியலாளர் குன்னார் யோஹான்சன், இருட்டில் மூட்டுகளில் மட்டும் ஒளிப்புள்ளி வைத்து நடந்தவர்களைப் பார்ப்பவர்கள் கண நேரத்தில் மனிதர் என்று கண்டுகொள்வதைக் காட்டினார். கை கால் அசைவுதான் மனிதரைக் கம்பத்திலிருந்து பிரிக்கிறது. அதன்பின் சாலையில் நடந்த ஆய்வுகளும், மூட்டுகளில் பட்டை அணிந்தவரை வெறும் ஜாக்கெட் அணிந்தவரைவிடத் தொலைவிலேயே ஓட்டுநர்கள் ஆள் என்று கண்டுகொள்வதைக் காட்டின.

மழைக்கால ஏற்பாட்டைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் இங்கே பக்கத்தில் கரை கடந்தபோது ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட இரவில்தான் வாய்க்கால் அடைப்பெடுக்கவும் மரம் அகற்றவும் ஆட்களை இறக்குவோம். அவர்கள் ஜாக்கெட்டுக்கு மேல் கறுப்பு அல்லது நீல மழைக்கோட்டைப் போட்டுக்கொள்வார்கள். அத்தனை செலவும் உள்ளே ஒளிந்துகொள்ளும். மழைக்கோட்டையே பட்டை வைத்து வாங்குங்கள். வெளியே திறந்திருக்கும் கண்ணாடி மணிப் பட்டை நனைந்தால் திருப்பி அனுப்பும் ஒளி குறையும் என்பதால், அதற்குப் பட்டக வகைப் பட்டையைக் கேளுங்கள்.

விலை என்ற ஆட்சேபம் வரும். ஆட்கள் வாரத்துக்கு வாரம் மாறுகிறார்கள், கொடுத்ததை எடுத்துக்கொண்டே போய்விடுகிறார்கள் என்பார்கள். போகட்டும். கம்பி வெட்டும்போதும் துண்டு வீணாகிறது, அதைக் கணக்கில் சேர்த்துத்தான் விலை சொல்கிறோம், இதையும் சேர்க்க வேண்டியதுதான். கூலியில் பிடிப்பது மட்டும் கூடாது. பாதுகாப்புக்குச் செய்யும் ஏற்பாட்டுக்குத் தொழிலாளியிடம் பணம் வாங்கக் கூடாதென்று 2020ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. ஆளுக்கு இரண்டு என்று வாங்குங்கள். தாரும் சிமென்டும் படிந்த ஜாக்கெட் துவைக்காமல் ஒளிராது. துவைக்கப் போட்ட நாளில் மாற்று இல்லையென்றால் யாரும் துவைக்க மாட்டார்கள். பார்க்க நன்றாயில்லை என்று முகம் சுளிப்பவர்கள் பெரும்பாலும் பொறியாளர்கள்தான், தொழிலாளர்கள் அல்ல. 2008இல் பிரான்சில் ஒவ்வொரு காரிலும் மஞ்சள் ஜாக்கெட் இருக்க வேண்டும் என்று விதித்தபோது, ஆடை வடிவமைப்பாளர் கார்ல் லாகர்ஃபெல்டையே அதைப் போடவைத்து, அசிங்கம்தான், எதோடும் சேராதுதான், உயிரைக் காக்கும் என்ற பொருளில் விளம்பரம் செய்தார்கள். பத்தாண்டு கழித்து, 2018 நவம்பரில், எரிபொருள் வரியை எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்கள் அதே ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டார்கள். ஆளும் வர்க்கம் தங்களைப் பார்க்கவே இல்லை என்பவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான சீருடை கிடைத்திருக்காது.

எல்லாவற்றையும்விட வலுவான ஆட்சேபம் வேறொன்று, அதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஜாக்கெட் கடைசி அரண். வண்டியையும் ஆளையும் பிரித்து வைக்கும் தடுப்பு, முன்னறிவிப்புப் பலகை, வேகத்தைக் குறைக்கும் ஏற்பாடு, கொடிக்காரர் இவையெல்லாம் முதலில். சாலைப்பணி இடங்களில் போக்குவரத்தை ஒழுங்குசெய்ய ஐஆர்சி எஸ்பி 55 என்ற வழிகாட்டி நூலே இருக்கிறது. பின்னோக்கி வரும் டிப்பரின் கண்ணுக்கு எட்டாத மூலையில் நிற்பவரை எந்த நிறமும் காப்பாற்றாது. அங்கே பார்க்கும் ஆளே இல்லை. என் வாதத்தை இது உடைக்கவில்லை, அதன் எல்லையைக் காட்டுகிறது. பார்ப்பவர் இருக்கும் இடத்தில்தான் ஜாக்கெட்டுக்கு வேலை. ‘எல்லாருக்கும் ஜாக்கெட் கொடுத்தாயிற்று’ என்று அறிக்கையில் எழுதித் தடுப்புச் செலவை வெட்டுகிற கையெழுத்து உங்களுடையதாக இருக்க வேண்டாம்.

ஆர்டர் கொடுக்கும் முன் ஒரு மாதிரி வாங்குங்கள். ஒரு கொத்தனாரும் ஒரு சித்தாளும் இரண்டு நாள் வெயிலில் போட்டுப் பார்த்துச் சொல்லட்டும். பிறகு துவையுங்கள், இஸ்திரி போட வேண்டாம், பட்டை கெட்டுவிடும். இருட்டியதும் விளக்கில்லாத சாலைத்துண்டு ஒன்றில் ஒருவரை அதை மாட்டி நிற்கச் சொல்லி, 80 மீட்டர் தள்ளி வண்டியில் நீங்கள் உட்கார்ந்து டிம் வெளிச்சத்தில் பாருங்கள். முன்புறம், பின்புறம், குனிந்த நிலை, பக்கவாட்டு என்று நான்கும் பார்க்க வேண்டும். அந்த மாதிரியில் கையெழுத்துப் போட்டு அலமாரியில் பூட்டி வையுங்கள். 200 உருப்படி வந்து இறங்கும் நாளில், கட்டின் மேலே இருப்பதை விட்டுவிட்டு நடுவிலிருந்து ஐந்தாறை உருவி, பூட்டியதை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கையெழுத்தை அதற்குப் பிறகு போடுங்கள்.

அன்புடன்,
தொழிலில் மூத்த ஒருவர்