தமிழறியாத டைரக்டர்

தாமிரபருணி கடலோடு கலக்கும் புன்னக்காயலில் வாழ்ந்த அண்டிரிக் அடிகளார், போர்ச்சுக்கல் நாட்டினராயினும், நம் மொழியை முயன்று கற்று, 1586-இல் அடியார் வரலாற்று நூலொன்றைத் தமிழில் அச்சேற்றினார். தமிழுக்குத் தொண்டு புரிய விழையும் அயல்நாட்டார் தமிழ் கற்றே ஆகவேண்டும் என்பது நம் எண்ணம். நிற்க, இதற்கு மாறாகவும் ஒருவர் இருந்தனர்.

அவர் எல்லிஸ் ஆர். டங்கன். 1909-இல் அமெரிக்காவின் ஒகையோ மாகாணத்திற் பிறந்து, தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திற் சினிமாக்கலை பயின்று, 1935-இல் இந்தியா போந்தார். தமிழில் உரையாட அறியாதவராயினும், 1950 வரை இங்குத் தமிழ்ப் படங்களை இயக்கினார். எம். ஜி. இராமச்சந்திரன் முதன்முதல் நடித்த 'சதிலீலாவதி' (1936) இவர் இயக்கியதே. தியாகராஜ பாகவதரின் 'அம்பிகாபதி' (1937), எம். எஸ். சுப்புலட்சுமியின் 'சகுந்தலை' (1940), 'மீரா' (1945) ஆகியனவும் அவ்வாறே.

மொழியறியாதார்க்கு இஃது எங்ஙனம் இயன்றது? தமிழும் ஆங்கிலமும் வல்ல உதவியாளர் பொருளுரைத்தனர். 'அம்பிகாபதி'க்கு இளங்கோவனும், 'மந்திரி குமாரி'க்கு (1950) மு. கருணாநிதியும் வசனம் வரைந்தனர். டங்கனோ, நாடகமேடையை விட்டகலாதிருந்த நம் படங்கட்குக் காமிராவின் கண்ணை அளித்தார்.

அடிகளார் தாமே கற்றார். டங்கன் கற்றாரை நம்பினார். இரண்டிற்கும் அடக்கம் வேண்டும். ஆயினும், தமிழ் வல்லார் இங்கு இல்லாதிருப்பின், டங்கனின் காமிரா ஊமையாகவே நின்றிருக்கும். அயலார் கலையோடு வருங்கால், அதற்கு வாய்மொழி வழங்க வல்லாராய் நாம் இருத்தல் வேண்டும். மாணவர் தமிழை வழுவறக் கற்பதன் பயன் இதுவே.